சனிக்கிழமை மாவு

சனி இரவு பன்னிரண்டுக்கு முன்
அடுப்பு அணைந்துவிட வேண்டும்.
எங்கள் லூயிஸ் தீவில்
ஞாயிற்றுக்கிழமை கெண்டி கொதிப்பதும்
சற்றுக் கூச்சத்தோடுதான்.

நான் ஓய்ரிக்.
திருவிருந்துக்கு ரொட்டி சுடுகிறவள்.
ஸ்டோர்னோவே கடை மாவு, உப்பு, ஈஸ்ட்,
கொஞ்சம் வெந்நீர்.
பரிசுத்தமாய் எதுவும் சேர்ப்பதில்லை.
சேர்க்க என்னிடம் இருந்ததும் இல்லை.

மூப்பர் ருவாரி வருவார்,
நகக்கண் அளவு ஈயத்துண்டுகளைத்
துணிப்பையில் குலுக்கிக்கொண்டு.
அது கையில் இருந்தால்தான் மேசையில் இடம்.
"இந்த வருஷமாவது, ஓய்ரிக்?"
"ரொட்டி வேகிறது" என்பேன்.
பதினெட்டு வருஷமாய் வெந்துகொண்டே இருக்கிறது.

அபாத்திரம் என்றொரு சொல்லைப்
பிரசங்க மேடையிலிருந்து வீசுவார்கள்.
அது வந்து விழுகிற இடம்
சரியாக என் கடைசி பெஞ்சு.
வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவுவேன்.
அடியில் காய்ந்த மாவைச்
சுரண்டும்போதெல்லாம் தோன்றும்:
பிசையும் முன் இது
என்ன தகுதியோடு இருந்தது?

நியால் ஒரு சனிக்கிழமை
தன் ஈயத்துண்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுக்
கயிறு அறுந்த படகை இழுத்துவரப் போனான்.
படகு திரும்பிற்று.
அன்றிரவு வானத்தைப் பார்த்து
ஒரு சொல் சொன்னேன்.
இன்னும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.
அவனுடைய துண்டு என் ஏப்ரன் பையில்.
யாரும் வந்து கேட்கவில்லை.

இந்த ஆண்டும் ஞாயிறு வந்தது.
நீள மேசை, வெள்ளைத்துணி.
முன்பாடகர் ஒரு வரி எடுத்தார்;
பின்னால் சபை முழுதும்
ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில்
கரைக்கு வரும் அலை போல.

எங்கள் வழக்கத்தில்
போதகர் யார் வாயிலும் ஊட்டுவதில்லை.
ரொட்டி கைமாறிப் போகும்.
பிட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும்.
அவ்வளவுதான் சட்டம்.

பக்கத்தில் யார் என்பதை
மேசை முடிவு செய்துவிட்டது.
தோர்க்கில், அவன் இடப்புறம் ஃபின்லே.
ஃபின்லேயின் நாய் துரத்தி
தோர்க்கிலின் மூன்று சினையாடுகள்
பாறை விளிம்பிலிருந்து விழுந்து பதினொரு வருஷம்.
ஒரே பாதையில் எதிரெதிரே வந்தால்
ஒருவன் சேற்றில் இறங்கிப் போவான்.

தோர்க்கிலின் கைக்கு வந்தது ரொட்டி.
பிட்டான். வாயில் போடவில்லை.
நான் எண்ணத் தொடங்கினேன்:
நாலு, அஞ்சு, ஆறு.
சாளரத்தில் மழை.
யாரோ இருமினார்கள்.
என் ரொட்டிதானே, எனக்குத் தெரியும்,
அது அவ்வளவு கனமில்லை.

முகம் திருப்பாமல் கையை மட்டும் நீட்டினான்.
ஃபின்லேயும் பார்க்கவில்லை.
இருட்டில் தாழ்ப்பாளைத் தேடுவதுபோல்
துழாவி வாங்கினான்.
விரலோடு விரல் பட்டதா?
பட்டிருக்கும். அத்தனை சின்னத் துண்டு.

அழுகை இல்லை, அணைப்பு இல்லை.
திங்கட்கிழமை வேலி இருந்த இடத்திலேயே இருந்தது.
ஆனால் அந்த ஒரு துண்டை
யாரிடமிருந்து வாங்கினானோ
அவனிடமிருந்துதான் வாங்க முடிந்தது,
மேசையின் தலைமாட்டில் இருப்பவரிடம்
நேராய்ப் போய்க் கேட்க வழியில்லை.
இதைப் போதகர் சொல்லவில்லை.
கடைசி பெஞ்சிலிருந்து தெரிந்தது.

துணியை மடித்து எடுத்துவர நான்தான் போவேன்.
தோர்க்கிலும் ஃபின்லேயும் இருந்த இடத்தில்
துணுக்குகள் கலந்து கிடந்தன,
எது எவனுடையது என்று பிரிக்க முடியாமல்.
ஒன்று என் ஈர விரலில் ஒட்டிக்கொண்டது.
ஒட்டிக்கொண்டதை என்ன செய்தேன் என்று
ருவாரிக்குச் சொல்லப்போவதில்லை.

மீதியைச் சுவருக்கு வெளியே உதறினேன்.
எங்கிருந்தோ ஒரு கடற்பறவை,
ஒற்றைக்கால் நொண்டி,
மற்றவற்றை விரட்டிக்கொண்டு இறங்கிற்று.
பாவம், அதனிடம் ஈயத்துண்டு இல்லை.

என்னிடம் இருந்தது.
பைக்குள் கைவிட்டுப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
உடம்புச் சூட்டில் அது
சூடேறும் வரைக்கும்.